ஆடு தொடாத வேலி

அறந்தாங்கியை அடுத்த ஒரு சிற்றூர். தை மாதக் காலை. பெரியம்மா வீட்டுத் திண்ணையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். தெருவில் நாற்பது ஆடுகள் வந்தன. எதிர்வீட்டுக் கல்யாண முருங்கையை இரண்டு ஆடுகள் எழும்பி நின்று இழுத்தன. பூவரசங் கிளையை இன்னொன்று வளைத்தது. சுவரோரம் கிடந்த வாழையிலைக் கிழிசலுக்கு இரண்டு குட்டிகள் முட்டிக்கொண்டன. பெரியம்மா வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று ஒரு வேலி நிற்கிறது. அதன் பக்கம் ஒரு ஆடுகூடத் தலையைத் திருப்பவில்லை. உரசிக்கொண்டு போயின, அவ்வளவுதான்.

"என்ன வேலி பெரியம்மா இது?"

"அது தெரியலையா? ஆடாதோடை. ஏ ஆத்தா, ஒரு இலையைக் கிள்ளி வாயில போட்டுப் பாரு. ஆடு ஏன் தொடலைன்னு தெரிஞ்சுபோகும்."

கிள்ளிப் போட்டேன். நாக்கின் அடிவரை கசப்பு இறங்கியது. அந்தக் கசப்பு எனக்குப் புதிதில்லை. ஐந்து வாரமாகத் தினமும் காலையும் மாலையும் கிள்ளானில் அம்மா கையால் குடித்துவந்த அதே கசப்பு. ஆனால் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருப்பது தொட்டியில் வளர்ந்த ஒரே ஒரு செடி. அது ஊரில் வேலியாக நிற்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மைக்கை மூடும் பொத்தான்

டிசம்பரில் எனக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போய்விட்டது, இருமல் போகவில்லை. எனக்குப் பேசுவதுதான் பிழைப்பு. வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் மேசையில், இருமல் வந்தால் மைக்கை ஒரு நொடி மூடுவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. பத்து ஆண்டுகளாக அதை நான் அதிகம் தொட்டதில்லை. அந்த மாதம் இரண்டு பாடல்களுக்கு நடுவே பேசிய நாற்பது வினாடியில் மூன்று முறை அழுத்தினேன். நேயர் ஒருவர் அழைத்து, "என்ன தொண்டை சரியில்லையா, மிளகுப்பால் குடிங்க" என்றார். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அம்மாவுக்குப் பயமே இல்லை. "ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்று பழமொழி சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குப் போய் நான்கு இலை பறித்து வந்தார். கழுவி, நரம்பு கிள்ளி, நான்கு மிளகைத் தட்டிப் போட்டு, நான்கு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும்வரை கொதிக்கவிட்டார். வடிகட்டித் தேன் கலந்து நீட்டினார். தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது. சளி இளகியது போலவும் இருந்தது. ஆனால் இருமல் நிற்கவில்லை.

அந்தச் செடிக்கு எங்கள் வீட்டில் ஒரு வரலாறு உண்டு. காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டின் பின்னால் பாட்டி வைத்திருந்த செடி அது. தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பம் தாமானுக்கு மாறியபோது, பாட்டி அம்மிக்கல்லோடு இதன் கொம்பு ஒன்றையும் ஒடித்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். விதை தேட வேண்டியதில்லை. கொம்பை நட்டுத் தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும்.

உறவில் ஒரு திருமணத்துக்காக இந்தத் தை மாதம் அம்மாவும் நானும் திருச்சியில் இறங்கி, பஸ் மாறி ஊருக்கு வந்தோம். இருமலும் கூடவே வந்தது.

ஒரு தொலைபேசி அழைப்பு

வேலியைப் பார்த்த அன்று மதியம் அண்ணி கிள்ளானில் இருந்து அழைத்தார். அண்ணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். இரண்டு நாளாக அவருக்கும் இருமலாம். இராத்திரி தூக்கமில்லையாம்.

அம்மா உடனே, "ஃப்ரிட்ஜ்ல பாட்டில்ல கஷாயம் இருக்கும்மா. லேசா சூடு பண்ணி நீயும் அரை டம்ளர் குடி" என்றார்.

முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்த வேகத்தில் உளுந்து சிதறியது.

"என்ன கஷாயம்?"

"ஆடாதோடைதான் அக்கா."

"வாயும் வயிறுமா இருக்கிற பிள்ளைக்கு ஆடாதோடையைக் குடுப்பாகளா? போனைக் குடு இங்க!"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியம்மா போனை வாங்கி, "ஆத்தா, குடிச்சிட்டியா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பெரியம்மா கண்ணை மூடி மூச்சு விட்டதைத்தான் பார்த்தோம்.

காலையிலேயே கஷாயத்தை டம்ளரில் ஊற்றி வாய் வரை கொண்டுபோயிருக்கிறார் அண்ணி. வாடை பிடிக்காமல் அப்படியே வைத்துவிட்டாராம்.

"கொட்டிடு. உடனே டாக்டர்ட்ட போய்க் காட்டு. நீயா எதையும் குடிக்காத" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "கஷாயத்தைப் பெட்டிக்குள்ள வச்சு மூணு நாள் குடிப்பீகளா? அன்னன்னைக்குக் காய்ச்சிக் குடிக்கிறது அது. வயித்துல பிள்ளை இருக்கும்போது அதைக் கிட்டக்கூடக் கொண்டுபோகக் கூடாது. எங்க அப்பத்தா மருத்துவச்சிக்கு ஒத்தாசை பாத்தவுக. இதை எங்களுக்கு எழுதியா வச்சாக? சொல்லித்தான் வளத்தாக."

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கம்மா செடியைக் கொண்டுவந்தாங்க. இதைச் சொல்லலையே." பாட்டி சொல்லியிருக்கலாம். லயத்து வாழ்க்கையின் அவசரத்தில் யார் காதிலும் விழாமல் போயிருக்கலாம். ஊரிலிருந்து கடல் தாண்டி எங்கள் வீட்டுக்கு இலையின் பெயர் வந்தது, அதன் பயன் வந்தது. அதற்குரிய எச்சரிக்கை மட்டும் வழியில் எங்கோ தங்கிவிட்டது.

பெயர் போன பயணம்

அன்று இரவு கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு இந்தச் செடியைப் பற்றிக் கைப்பேசியில் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வியப்பு. நம் தெருவேலிச் செடியின் பெயர் நம்மைவிட அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது.

ஆடு தொடாதது என்பதால் ஆடுதொடா. அதுவே ஆடாதொடை, ஆடாதோடை என்று மருவியது. மலையாளத்தில் ஆடலோடகம். தெலுங்கில் அட்டசரம். இந்தியில் அடூசா. வடமொழியில் வாசா, வாசகம் என்று பல பெயர்கள். அவற்றில் ஒன்று சிம்மாஸ்யம், அதாவது சிங்கமுகம். பெரியம்மா வேலியில் அப்போது பூ இருந்தது. வெள்ளைப் பூ, உள்ளே ஊதாக் கோடுகள், மேலுதடும் கீழுதடும் பிளந்த வாய் போன்ற அமைப்பு. பார்த்தால் சிங்கம் கொட்டாவி விடுவது போலத்தான் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் வேலை பார்த்தவர் பால் ஹெர்மன். அங்கு செடிகொடிகளைச் சேகரித்து உலரவைத்து, உள்ளூர்ப் பெயர்களோடு குறித்துக்கொண்டார். பிறகு ஹாலந்தின் லைடன் நகரத்தில் பேராசிரியர் ஆனார். அவர் சேகரித்தவற்றை வைத்துத்தான் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதே லின்னேயஸ் 1753இல் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது, இந்தச் செடிக்கு வைத்த பெயர் 'ஜஸ்டிசியா அடாதோடா'. முன்பாதி, ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலை வல்லுநரின் நினைவாக. பின்பாதி நம் ஊர் ஆடுகளின் தயவால். இன்றும் உலகம் முழுக்கத் தாவரவியல் மாணவர்கள் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

பெயர் ஏமாற்றுவதும் உண்டு. சிங்களத்தில் இந்தச் செடியைப் பாவட்டா என்பார்கள். தமிழ்நாட்டில் பாவட்டை என்று கேட்டால் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூப் பூக்கும் முற்றிலும் வேறொரு செடியைக் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் இதை 'மலபார் கொட்டை' என்கிறார்கள். இது மலபாருக்கு மட்டும் உரியதும் இல்லை, இதன் பயன் கொட்டையிலும் இல்லை, எல்லாம் இலையில்தான். பெயரை மட்டும் நம்பி மூலிகை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இவை போதும்.

ஆடு தொடாததன் காரணத்தை வேதியியலும் தேடியிருக்கிறது. 1888இல் டேவிட் ஹூப்பர் என்பவர் இந்த இலையில் இருந்து வாசிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பைப் பின்பற்றி ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மருந்துதான் 1963இல் விற்பனைக்கு வந்த ப்ரோம்ஹெக்சின். கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்ற உதவும் மருந்து. கிளினிக்கில் எனக்கு எழுதிக் கொடுத்த சளி மாத்திரையின் அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதே பெயர். காலையில் மாத்திரையாகவும் மாலையில் கஷாயமாகவும் ஒரே செடியின் இரண்டு வாரிசுகளை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரியம்மாவின் அப்பத்தா சொன்னதும் அதுதான்.

வேலியின் மற்ற வேலைகள்

மறுநாள் பெரியப்பா என்னை வயலுக்கு அழைத்துப் போனார். வரப்போரம் நொச்சி, எருக்கு, வேம்பு, ஆடாதோடை. "ஆடு மாடு தின்னாத இலையாப் பாத்துப் பறிச்சு ஊறப்போடணும். அந்தத் தண்ணியைத் தெளிச்சா பூச்சியும் தின்னாது" என்றார். பூச்சிவிரட்டிக்கு அவர் வைத்திருக்கும் விதி அவ்வளவுதான்.

நெல் நடுவதற்கு முன் இந்தத் தழையை வெட்டிச் சேற்றில் மிதித்துவிடுவது பழைய வழக்கம். உரமும் ஆயிற்று, களையும் கொஞ்சம் மட்டுப்படும். பழங்களை அடுக்கி வைக்கும்போது இந்த இலையைப் பரப்பினால் பூச்சி அண்டாது. வெட்ட வெட்டத் தழைக்கும், ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும், வேலிக்குக் காவலும் தேவையில்லை. இருமலுக்கு நான்கு இலை பறிப்பது அந்த வேலி செய்யும் பல வேலைகளில் ஒன்று.

"மருந்துக்குன்னு யாரு நட்டா? வேலிக்கு நட்டோம். வேலியில மருந்து இருந்துச்சு" என்றார் பெரியப்பா.

சானடோரியம் ஸ்டேஷன்

பெரியம்மா எனக்கும் ஒரு கட்டளை போட்டார். "அஞ்சு வாரமா இருமுற. இலையைத் தின்னுக்கிட்டே இருந்தா ஆச்சா? மெட்ராஸ்ல பெரிய சித்த ஆஸ்பத்திரி இருக்காம். காமிச்சிட்டுப் போ."

கோலாலம்பூர் திரும்பும் விமானம் சென்னையில் இருந்துதான். இரவுப் பேருந்து எங்களை விடியற்காலையில் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. அடுத்த மின்சார ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்த இடத்தைத்தான் ஒரு காலத்தில் சானடோரியம் என்றார்கள். 1928இல் டாக்டர் சவுரி முத்து இங்கே அப்படி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றும் அது அரசு நெஞ்சக மருத்துவமனையாக இயங்குகிறது.

தொடங்கிய காலத்தில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். 1950களில் இதே சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் நோயாளி வீட்டில் இருந்தபடியே குணமாகலாம், சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கே காட்டியது. அதன்பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. இங்கே பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகையில் ஏறி நிலைத்துவிட்டது. காய்கறிக் கூடைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அர்த்தம் நினைக்காமல் 'சானடோரியம் ஒண்ணு' என்று டிக்கெட் வாங்குகிறார்கள்.

இதே வட்டாரத்தில்தான் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. 2005இல் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். சாதி எதிர்ப்பில் முன்நின்றவர், 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தியவர் என்று அவரைப் படித்திருக்கிறேன். அவர் ஒரு சித்த மருத்துவர் என்பது அந்தப் பெயர்ப்பலகையின் முன் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

வெளிநோயாளர் வரிசை நீளம். என் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் என் வயது மதிக்கத்தக்க மருத்துவர். நாடி பார்த்தார். எத்தனை நாள் இருமல் என்று கேட்டார். சொன்னேன். ஆடாதோடைக் கஷாயம் குடிக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐந்து வாரமா? எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"இல்லை."

"சளிப் பரிசோதனை?"

"இல்லை."

"இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் காசநோய் இல்லைன்னு உறுதி செய்யணும். சித்தாவா அலோபதியான்னு அப்புறம் பேசலாம். ஆடாதோடை நல்ல மருந்துதான். நாங்களே மணப்பாகாகவும் குடிநீராகவும் கொடுக்கிறோம். ஆனால் என்ன நோய்னு தெரியாம இருமலை மட்டும் இதமா வச்சிருந்தா, உள்ளே இருக்கிறது வளர்ந்துகிட்டே போகும்."

சளியில் இரத்தம் வந்தால் இந்த இலையைக் கொடுக்கும் வழக்கமும் பழங்காலத்தில் இருந்தது என்று சொல்லி, "இன்னைக்கு அப்படி ஒருத்தர் வந்தா நான் இலையை எடுக்க மாட்டேன், பக்கத்து ஆஸ்பத்திரியைக் கையைக் காட்டுவேன்" என்றார். அண்ணி விஷயத்தையும் கேட்டேன். பெரியம்மா சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அவரும் சொன்னார்: கர்ப்பிணிகள் கூடவே கூடாது.

அன்று மதியமே எக்ஸ்ரே எடுத்தேன். படம் கையில் வரும்வரை காத்திருந்த அரை மணி நேரத்தில் ஸ்டேஷன் பலகையின் பெயர் எனக்கு வேறு மாதிரி கேட்டது. நெஞ்சு தெளிவாக இருந்தது. கிள்ளான் வந்ததும் சளிப் பரிசோதனையும் செய்தேன். கிருமி இல்லை. ஃப்ளூவுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வாரக் கணக்கில் இழுக்கும் என்றார் இங்குள்ள மருத்துவர். பிப்ரவரி கடைசியில் இருமல் தானாக அடங்கியது. மாத்திரையா, கஷாயமா, நாள் போனதா, எது சரிசெய்தது என்று என்னால் சொல்ல முடியாது.

பின்கட்டில் ஒரு பலகை

திரும்பி வந்தவுடன் அம்மா செய்த முதல் வேலை, பழைய ஐஸ்கிரீம் டப்பா மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதி அந்தத் தொட்டியில் கட்டியது. மேலே தமிழில்: 'ஆடாதோடை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் டாக்டர்.' கீழே அதையே மலாயில்.

மலாய் எதற்கு என்றேன். அடுத்த வீட்டு மக்சிக் அடிக்கடி வேலி வழியாக இந்தச் செடியைப் பார்த்து, இது கண்டாருசாவா என்று கேட்பாராம். கண்டாருசா நம் கருநொச்சி. அதுவும் இதே ஜஸ்டிசியா இனம்தான். அதன் மலாய்ப் பெயரும் 1768இல் அப்படியே தாவரவியல் பெயரில் ஏறிவிட்டது. இலை பார்க்கக் கொஞ்சம் ஒன்று போலத் தெரியலாம், வேலை வேறு.

வீட்டில் செடி இல்லாதவர்கள் கடைகளில் பொடியாகவோ மணப்பாகாகவோ வாங்குகிறார்கள். மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்துகளில் எம்ஏஎல் என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். இந்திய மரபு மருத்துவமும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்று. ஆகவே சித்த வைத்தியம் பார்க்க விரும்பினால் முறையாகப் பதிவு செய்தவரிடம் கேட்டுச் சாப்பிட வழி இருக்கிறது. கர்ப்பமாக இருந்தால், வேறு மருந்து சாப்பிடுபவராக இருந்தால், அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அண்ணிக்கு ஜூன் மாதம் பெண் குழந்தை பிறந்தது. பெரியம்மாவுக்குப் போனில் காட்டினோம். குழந்தையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பலகை இன்னும் இருக்கா?"

இருக்கிறது. மழையில் மார்க்கர் மை மங்கும்போதெல்லாம் அம்மா மறுபடி எழுதுகிறார். போன வாரம் மக்சிக் ஒரு கொம்பு கேட்டார். அம்மா ஒடித்தார், ஈரத் துணியில் சுற்றினார். ஆனால் உடனே கையில் கொடுக்கவில்லை. மக்சிக்கின் மகளுக்குப் போன ஆண்டுதான் கல்யாணம் ஆனது. அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் பலகையில் உள்ளதை முழுக்கச் சொல்லி, அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் கொடுத்தார்.